பிஸ்மத் கலந்த பற்றாசு: சூட்டில் இணைப்பு விடுபட்டது ஏன்?

கேள்வி: காக்கி புக்கிட் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் இயங்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகைகளைப் பழுதுபார்க்கும் ஒரு சிறிய பட்டறையில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சால்டர் என்று நாங்கள் அன்றாடம் சொல்லும் பற்றாசு என் கைக்கு நன்றாகப் பழகிய பொருள்தான். ஆனால் அதில் பிஸ்மத் என்ற உலோகம் சேரும்போது என்ன நடக்கிறது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இரண்டு மாதங்களுக்கு முன்பு, ஓர் உணவகத்தின் சமையலறைப் புகைபோக்கி விசிறியைக் கட்டுப்படுத்தும் பலகை ஒன்று எங்களிடம் வந்தது. 2003-இல் செய்யப்பட்ட பழைய பலகை. அதிலிருந்த 44 கால் சில்லு (சிப்) ஒன்றைக் கழற்ற வேண்டியிருந்ததால், மிகக் குறைந்த சூட்டில் உருகும் பிஸ்மத் கலவைக் கம்பியைக் கால்களின் மேல் உருக்கி ஓடவிட்டு, சில்லை அலுங்காமல் தூக்கினேன். பிறகு செப்புப் பின்னல் நாடாவால் துடைத்து, புதிய சில்லை வைத்து, வழக்கமான 63க்கு 37 வெள்ளீய-ஈயப் பற்றாசால் இணைத்தேன். மேசையில் ஒரு நாள் முழுவதும் ஓட்டிப் பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை. மூன்று வாரத்தில் பலகை திரும்பி வந்தது. மின்னழுத்தச் சீராக்கியை அடுத்திருந்த மூன்று கால்கள் பலகையை விட்டு எழும்பி நின்றன. அந்த இடம் வேலை நேரத்தில் 100 பாகை செல்சியஸ் வரை சூடாகும் என்று பின்னர் அளந்து தெரிந்துகொண்டேன். ஆனால் வெள்ளீய-ஈயப் பற்றாசு 183 பாகையில்தானே உருக வேண்டும்?

இதற்கிடையே எங்கள் முதலாளி, ஈயம் வேண்டாம், குறைந்த சூட்டில் வேலை முடிந்துவிடும் என்று சொல்லி, பட்டறை முழுவதையும் வெள்ளீய-பிஸ்மத் பற்றாசுக்கு மாற்ற நினைக்கிறார். உடன் வேலை செய்யும் ஒருவர், பிஸ்மத் கதிரியக்கம் உடையது என்று அதைத் தொடவே தயங்குகிறார். விலையும் முன்புபோல் இல்லை. பிஸ்மத் நம்பத்தகாத உலோகமா, அல்லது நான்தான் அதைத் தவறாகக் கையாண்டேனா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: உட்லண்ட்ஸ் செயல்முறைப் பொறியாளர்

வணக்கம் அண்ணன். மின்னணுப் பலகைகளில் உறுப்புகளை ஒட்டும் உற்பத்திப் பிரிவில் பணியாற்றுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவுடன் என் எண்ணம் பிஸ்மத் மீது மட்டும் செல்லவில்லை. பிஸ்மத், ஈயம், வெள்ளீயம் ஆகிய மூன்றும் ஒரே இணைப்பில் சந்தித்ததன் மீதே சென்றது.

வெள்ளீயமும் ஈயமும் சேர்ந்தால் 183 பாகையில் உருகும். வெள்ளீயம் 42 பங்கும் பிஸ்மத் 58 பங்கும் சேர்ந்தால் 138 பாகையில் உருகும். இந்த இரண்டு எண்களும் எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். மூன்றாவது எண்ணைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: பிஸ்மத் ஏறத்தாழ 52, ஈயம் 32, வெள்ளீயம் 16 என்ற விகிதத்தில் மூன்றும் கூடும்போது உருகுநிலை 96 பாகை அளவுக்கு இறங்கிவிடுகிறது. கொதிக்கும் நீரின் சூடு கூடத் தேவையில்லை.

இணைப்பு முழுவதும் இந்த விகிதத்தில் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பற்றாசு உறையும்போது கடைசிவரை திரவமாக எஞ்சி நிற்பது இந்த மூவகைக் கலவைதான். அது இறுதியில் படிகத் துகள்களுக்கு இடையிலும், காலும் பலகையும் தொடும் விளிம்பிலும் மெல்லிய படலமாகத் தங்கும். வெளியே பார்த்தால் இணைப்பு பளபளப்பாக, குறையில்லாமல் தோன்றும். அந்த இடம் 96 பாகையைத் தாண்டும்போது படலம் மட்டும் இளகி, விசிறியின் அதிர்வு சிறிது சிறிதாகக் காலை விடுவித்துவிடும். மேசையின் மேல், குளிர்சாதன அறையில், ஒரு நாள் முழுவதும் பலகை நன்றாக ஓடியதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். அங்கே அந்தச் சூடு எழவே இல்லை.

ஈயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு நீங்களே விடை எழுதியிருக்கிறீர்கள். மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2006 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பலகையில் செப்புத் திட்டுகளின் மேல் ஈயம் இருந்திருக்கும். நீங்கள் பின்னர் இட்ட பற்றாசிலும் ஈயம் இருந்தது. இடையில் சிக்கியது, துடைத்த பிறகும் எஞ்சிய பிஸ்மத். கழற்றுவதற்கென்று விற்கப்படும் கலவை, கழற்றும் வேலைக்கு மட்டுமே உரியது; அதில் ஒரு துளியும் புதிய இணைப்புக்குள் போகக் கூடாது. ஒரு முறை துடைப்பது போதாது. பற்றாசு நன்றாக ஓடி ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி நாடாவால் உறிஞ்சிய பிறகு, புதிய பற்றாசைத் தாராளமாக உருக்கிவிட்டு அதையும் உறிஞ்ச வேண்டும். மீண்டும் ஒரு முறை அவ்வாறே செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் எஞ்சிய பிஸ்மத் நீர்த்துப்போகிறது. சால்டரிங் கோலின் முனையில் ஒட்டியிருப்பதையும் மறந்துவிடாதீர்கள். அந்தக் கலவைக்கென்று தனி முனை வைத்திருப்பது நல்லது.

என் ஊகத்தைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதே முறையில் பழுதுபார்த்த, கழித்துப்போட்ட பலகை ஏதேனும் இருந்தால், வெப்பநிலை உணரியை இணைப்பின் அருகில் ஒட்டி, சுடுகாற்றால் 110 பாகை வரை மெதுவாக ஏற்றி, சில்லின் காலை மெல்லிய ஊசியால் தள்ளிப் பாருங்கள். தூய வெள்ளீய-ஈய இணைப்பு அந்தச் சூட்டில் அசையாது.

மறுமொழி 2: துவாஸ் வார்ப்படக்காரர்

தம்பி, வணக்கம். இரும்பு அல்லாத உலோகங்களை வார்க்கும் ஆலையில் 30 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பற்றாசின் நுணுக்கத்தை மேலே எழுதியவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். உலோகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கதிரியக்கம் பற்றிய அச்சத்தை முதலில் நீக்கிவிடலாம். இயற்கையில் கிடைக்கும் பிஸ்மத்-209 மெய்யாகவே சிதைகிறது. பிரான்சில் ஓர்சே நகரத்து ஆய்வாளர்கள் அதை 2003-இல் அளந்து காட்டினார்கள். ஆனால் அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 2 லட்சம் கோடி கோடி ஆண்டுகள். பேரண்டத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு கிலோ பிஸ்மத்தில் ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அணுக்கள் சிதையும். ஈரச்சந்தையில் வாங்கும் ஒரு வாழைப்பழத்தில் உள்ள பொட்டாசியத்தில் ஒவ்வொரு நொடியும் அந்த அளவு சிதைவு நடக்கிறது. உங்கள் நண்பர் அச்சமின்றித் தொடலாம். அணு உலைக்குள் நியூட்ரான் பட்டால் நிலை வேறு: பிஸ்மத் அங்கே பொலோனியம்-210 ஆக மாறும். ஈய-பிஸ்மத் கலவையைக் குளிர்விப்பானாகக் கொண்ட சோவியத் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பராமரித்தவர்களுக்கு அது பெரிய தலைவலியாக இருந்தது. உங்கள் பட்டறைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி அதன் இயல்பு. பிஸ்மத்தைக் கையில் எடுத்தால் ஈயம் போலக் கனக்கும். அதனால்தான் பல நூற்றாண்டுகள் அதை ஈயத்தோடும் வெள்ளீயத்தோடும் குழப்பிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சு வேதியியலாளர் கிளோது ழொஃப்ருவா 1753-இல் அது தனி உலோகம் என்று நிறுவினார். ஆனால் சுத்தியலால் தட்டினால் வேறுபாடு உடனே தெரியும்: ஈயம் நசுங்கும், பிஸ்மத் உடையும். வெப்பத்தைச் செம்பு கடத்துவதில் ஐம்பதில் ஒரு பங்கு கூடச் சரியாகக் கடத்தாது. காந்தத்தை மெலிதாக விலக்கும். தனிம உலோகங்களுள் இந்த விலக்கம் இதில்தான் மிக வலியது. என் பேரனுக்கு இரு பிஸ்மத் தகடுகளை அடுத்தடுத்து வைத்து, மேலே ஒரு பெரிய காந்தத்தைத் தக்க உயரத்தில் பொருத்தி, இடையில் சிறு காந்தக் கட்டி ஒன்றை மிதக்கவைத்துக் காட்டியபோது, அந்தப் பிள்ளை அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

வார்ப்படத் தொழிலில் எங்களுக்கு முக்கியமான இயல்பு ஒன்று உண்டு. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது பருமன் கூடுவதைப் போல, பிஸ்மத்தும் 271 பாகையில் உறையும்போது ஏறத்தாழ 3.3 விழுக்காடு விரிகிறது. திடநிலையில் அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 9.78 கிராம், உருகிய நிலையில் 10-ஐத் தாண்டும். திடப் பிஸ்மத்தின் அணுக்கள் மடிப்பு மடிப்பான அடுக்குகளாக, இடைவெளி விட்டு அமைந்திருக்கின்றன. உருகும்போது அந்த ஒழுங்கு குலைந்து, அணுக்கள் இன்னும் நெருங்கிவிடுகின்றன. மற்ற உலோகங்கள் உறையும்போது அச்சின் ஓரத்தை விட்டுச் சுருங்கிவிடும் என்பதால், எவ்வளவு சுருங்கும் என்று கணக்கிட்டு அச்சைப் பெரிதாக்குவதே எங்கள் வேலையில் பாதி. பிஸ்மத் ஏறத்தாழ பாதியளவு உள்ள கலவையில் சுருக்கமும் விரிவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், அச்சின் மிக நுண்ணிய கீறல் கூட அப்படியே பதியும். மெல்லிய குழாய்களை நசுங்காமல் வளைப்பதற்கு இந்தக் கலவையை உள்ளே ஊற்றி, உறையவிட்டு, வளைத்த பிறகு வெந்நீரில் இட்டு உருக்கி எடுப்போம். கலவை ஒரு சொட்டுக் குறையாமல் திரும்பக் கிடைக்கும்.

உங்கள் பலகை இருந்த சமையலறையிலேயே இதன் இன்னோர் உறவினர் இருந்திருக்கக்கூடும். புகைபோக்கிக் குழாயில் தீ பரவாமல் அடைக்கும் தடுப்புக் கதவுகளில், குறித்த சூட்டில் உருகி அறுபடும் உலோக இணைப்பு ஒன்று இருக்கும். 72 பாகை அளவில் உருகுமாறு செய்யப்படும் அத்தகைய இணைப்புகளில் பிஸ்மத் கலவைகள் நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. அங்கே உயிர் காக்கும் அதே இயல்புதான் உங்கள் பலகையில் காலை வாரிவிட்டிருக்கிறது.

ஈயத்துக்குப் பதிலாக எங்கும் பிஸ்மத் போடலாம் என்று நினைப்பவர்களுக்குப் பித்தளை வேலையிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். கடைசல் பொறியில் பித்தளையைச் சீவும்போது சீவல் நீளமாகச் சுருண்டு சிக்காமல் துண்டு துண்டாக உதிர்வதற்காக ஈயம் சேர்ப்பது வழக்கம். குடிநீர்க் குழாய்ப் பொருத்திகளில், நீர் படும் பரப்பின் ஈயம் சராசரியாக 0.25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கச் சட்டம் 2014-இல் வரையறுத்த பிறகு, பிஸ்மத் சேர்த்த பித்தளைக்கு மதிப்புக் கூடியது. ஈயத்தைப் போலவே பிஸ்மத்தும் செம்பில் கரையாது. தனித்துளியாக நின்று சீவலை உடைக்கும். ஆனால் ஈயம் உருண்டையாக நிற்கும் இடத்தில், பிஸ்மத் படிக எல்லைகளில் படலமாகப் பரவி, உலோகத்தை நொறுங்கச் செய்துவிடும். அதைத் தடுக்கச் செலினியம் போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்துப் பார்த்து உருக்குகிறார்கள். மின்கம்பிக்கான உயர்தரச் செம்புத் தகட்டில் பிஸ்மத் 10 லட்சத்தில் 2 பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. பழைய உலோகம் வாங்கும் இடத்தில் பிஸ்மத் பித்தளையும் சாதாரணப் பித்தளையும் ஒரே குவியலில் கலந்துவிட்டால், அடுத்த உருக்கில் வரும் கட்டி சூட்டில் விரிசல் விடும். அப்படி ஒரு முறை ஒரு சுமை முழுவதும் வீணானதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். பிஸ்மத்தை அதற்காகவே தோண்டி எடுப்பது அரிது. ஈயம், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகியவற்றின் தாதுவைச் சுத்திகரிக்கும்போது உடன்விளைபொருளாகக் கிடைப்பதே பெரும்பங்கு. விலை ஏறினாலும் உற்பத்தியை உடனே பெருக்க முடியாது. ஈயம் எவ்வளவு உருக்கப்படுகிறதோ அவ்வளவுக்கே பிஸ்மத் கிடைக்கும். உலகின் சுத்திகரித்த பிஸ்மத்தில் மிகப் பெரும் பங்கு சீனாவிலிருந்து வருகிறது. டங்ஸ்டன், டெலூரியம், மாலிப்டினம், இண்டியம் ஆகியவற்றோடு பிஸ்மத்தையும் அந்நாடு 2025 பிப்ரவரி 4-இல் ஏற்றுமதி உரிமக் கட்டுப்பாட்டின்கீழ்க் கொண்டுவந்த பின், வெளிச்சந்தை விலை பல மடங்காக உயர்ந்தது. ஈயத்தைக் கைவிடுவதற்காக நாம் நாடும் உலோகம் ஈய உலையிலிருந்தே வரவேண்டியிருக்கிறது என்பதை உங்கள் முதலாளியும் அறிந்திருப்பது நல்லது.

மறுமொழி 3: காக்கி புக்கிட் பட்டறை (கேள்வி கேட்டவர்)

ஐயாவுக்கும் உட்லண்ட்ஸ் சகோதரிக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே சோதித்துப் பார்த்தேன். கழற்றும் கலவையைப் பயன்படுத்தி, ஒரு முறை மட்டும் துடைத்து இணைத்த கழிவுப் பலகையில், 102 பாகையில் இரண்டு கால்கள் ஊசி பட்டதும் நகர்ந்தன. மூன்று முறை துடைத்து, இடையிடையே புதிய பற்றாசு இட்டு உறிஞ்சிய மற்றொரு பலகையில் 130 பாகை வரை எதுவும் அசையவில்லை. ஆக, தவறு என் துடைப்பில்தான் இருந்திருக்கிறது. அந்த உணவகத்தின் பலகையைச் செலவு வாங்காமல் மீண்டும் செய்து கொடுத்துவிட்டேன்.

இன்னும் ஒரு ஐயம். கழற்றும் கலவை கைவசம் குறைவாக இருப்பதால், பழைய பட்டறை ஒன்றிலிருந்து கிடைத்த, 70 பாகையில் உருகும் ‘உட்’ உலோகக் (Wood's metal) கட்டி ஒன்றை அதற்குப் பதிலாகப் பயன்படுத்தலாமா?

மறுமொழி 4: புற்றுநோய்க் கதிர்மருத்துவ வார்ப்பறை

வேண்டாம், அண்ணன். இதைச் சொல்வதற்காகவே எழுதுகிறேன். நோயாளியின் உடலில் கதிர் படக்கூடாத இடங்களை மறைக்கும் தடுப்புக் கட்டிகளை வார்க்கும் அறையில் பல ஆண்டுகள் வேலை செய்தேன். நாங்கள் பயன்படுத்திய கலவையும் அந்த உட் உலோகத்தின் வகையைச் சேர்ந்ததுதான்: பிஸ்மத் 50, ஈயம் 26.7, வெள்ளீயம் 13.3, காட்மியம் 10 விழுக்காடு. 70 பாகையில் உருகிவிடும் என்பதால், நோயாளியின் அளவுக்கு வெட்டிய நுரைப்பஞ்சு அச்சுக்குள் அதை ஊற்றினாலும் அச்சு கருகாது. சிகிச்சை முடிந்ததும் கட்டியை உருக்கி அடுத்தவருக்குப் பயன்படுத்தலாம். இன்று கதிர்க்கருவிகளிலேயே அசையும் உலோகத் தகடுகள் வந்துவிட்டதால் இந்த வார்ப்பு வேலை பெரிதும் குறைந்துவிட்டது.

எங்கள் அறையில் காற்று உறிஞ்சியும் கையுறையும் வெப்பநிலைக் கட்டுப்பாடும் இல்லாமல் அந்தக் கலவையைத் தொட விடமாட்டார்கள். அச்சத்துக்குக் காரணம் பிஸ்மத் அன்று, காட்மியமும் ஈயமும்தான். வெந்நீர்ச் சூட்டில் உருக்குவது ஒன்று. 350 பாகையில் இருக்கும் சால்டரிங் கோலை அதன் மேல் வைப்பது முற்றிலும் வேறு. அந்தச் சூட்டில் காட்மியம் ஆவியாகி ஆக்சைடுப் புகையாக மாறக்கூடும். அது நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். போதாததற்கு அதில் ஈயமும் இருப்பதால், நீங்கள் தவிர்க்க நினைக்கும் அதே 96 பாகைச் சிக்கலை நீங்களே பலகையின் மேல் ஊற்றியதாகிவிடும்.

பிஸ்மத் நச்சுக் குறைந்த உலோகம் என்பது உண்மை. வயிற்றுக் கோளாறுக்கு அதன் உப்பை மருந்தாகவே கொடுக்கிறார்கள்; வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமியை ஒழிக்கும் கூட்டு மருந்திலும் அது இருக்கிறது. அதற்கும் அளவு உண்டு: 1970களில் பிரான்சில் பிஸ்மத் உப்புகளை நெடுநாள் மிகுதியாக உட்கொண்ட பலருக்கு மூளை பாதிப்பு ஏற்பட்டது. எனவே பிஸ்மத் என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஒரு கலவையை எடுக்காதீர்கள். அதனுடன் வேறு என்ன இருக்கிறது என்று பாதுகாப்புத் தரவுத் தாளில் பாருங்கள். தாள் இல்லாத கட்டியை, உரிமம் பெற்ற நச்சுக் கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குப்பைக் குழாயிலோ வடிகாலிலோ போடக் கூடாத பொருள் அது.

மறுமொழி 5: உட்லண்ட்ஸ் செயல்முறைப் பொறியாளர்

சோதனை செய்து பார்த்து எழுதியதற்கு நன்றி, அண்ணன். கருத்து மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் இடத்தில் இரண்டு அளவுகள் எத்தனையோ மேலானவை.

முதலாளியின் யோசனையைப் பற்றி என் கருத்து இது. வெள்ளீய-பிஸ்மத் பற்றாசு மோசமான பொருள் அன்று. வெள்ளீயம், வெள்ளி, செம்பு சேர்ந்த வழக்கமான ஈயமில்லாப் பற்றாசு 217 பாகைக்கு மேல் உருகுவதால், பலகையைச் சூடாக்கிப் பற்றாசை உருக்கும் அடுப்பில் 240 பாகையை ஒட்டிய உச்சச் சூடு தேவைப்படுகிறது. பிஸ்மத் கலவைக்கு 170 அல்லது 180 பாகையே போதும். மெல்லிய சில்லுகள் சூட்டில் வளைவது குறைகிறது, மின்சாரமும் மிச்சமாகிறது. லெனோவோ நிறுவனம் 2017-இல் தன் கணினித் தயாரிப்பில் இந்த முறையைக் கொண்டுவந்ததற்கு இவையே காரணம். ஆனால் புதிய பலகை, ஈயம் அறவே இல்லாத உறுப்புகள், நன்கு கட்டுப்படுத்திய அடுப்பு என்ற சூழல் அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. உங்களிடம் வருவதோ 20 ஆண்டுப் பழைய பலகைகள். எதில் ஈயம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

மேலும், பிஸ்மத்தின் நொறுங்கும் இயல்பு அந்தக் கலவையிலும் தொடர்கிறது. மெதுவாக இழுத்தால் தாங்கும். திடீரென்று அடிபட்டால் விரியும். ஒரு விழுக்காடு வெள்ளி சேர்த்தால் சற்றுத் தேறும். கம்பியாக இழுக்கும்போதே முறிந்துவிடுவதால் அதைப் பெரும்பாலும் பசையாகத்தான் விற்கிறார்கள். சால்டரிங் கோலைப் பிடித்துப் பழகிய உங்கள் கைக்கு அதுவும் ஒரு மாற்றம்தான். விசிறி, மோட்டார், அமுக்கி (கம்ப்ரசர்) ஆகியவற்றின் அருகில் அதிரும் பலகைக்கும், 80 பாகைக்கு மேல் தொடர்ந்து சூடாகும் இடத்துக்கும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சூடு தாங்காத பிளாஸ்டிக் இணைப்பிகள், மெல்லிய விளக்குப் பட்டைகள், உணரிகள் ஆகியவை வரும்போது, பலகையில் ஈயம் இல்லை என்பது உறுதியானால், அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையில் உலோகத்தைக் கண்டறியும் கைக்கருவி ஒன்று கிடைத்தால் ஐயம் நொடியில் தீரும். கருவி கிடைக்காத வரையில், 2006-க்கு முந்தைய பலகைகள் அனைத்திலும் ஈயம் இருப்பதாகவே கொண்டு, அவற்றின் மேல் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டித் தனித் தட்டில் வையுங்கள். பிஸ்மத்துக்கென ஒதுக்கிய முனை, நாடா, கடற்பஞ்சு மூன்றையும் அந்தத் தட்டின் அருகிலேயே கொண்டுபோக வேண்டாம்.